இடப்பக்கம் திருப்பினால்

அழுகிற குழந்தையைக்கூட ஒயரக்கா சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். தொங்குகிற ஒயரை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் அவள் கண் முதலில் போவது டிவிக்குப் பின்னால்தான். அங்கே நாலு ஒயர் பின்னிப் பிணைந்து கிடந்தால், வீட்டுக்காரி என்ன பேசினாலும் காதில் ஏறாது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் மின்விசிறிக்குப் போகும் ஒயரைச் சுருட்டிக் கட்டிவிட்டு வந்தவள் அவள். அந்த வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவள் செய்த புண்ணியம்.

வீட்டுக்குப் பின்னால் அவளும் அவள் புருஷனும் நடத்திய ஒர்க் ஷாப்பில், தரைக்கு நடுவே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ராஜ்யம்: எண்ணெய்க் கறை, பிரித்துப் போட்ட பம்ப், எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற பதினாலாம் நம்பர் ஸ்பானர். தெரு அவனை எஞ்சின் என்றுதான் கூப்பிட்டது. இந்தப் பக்கம் அவள் மேஜை, மீட்டர், ஈயம் பற்றவைக்கும் கோல், நிறவாரியாக ஆணியில் மாட்டிய ஒயர்ச் சுருள்கள். அவன் ஒயரைத் தொடக்கூடாது, அவள் எண்ணெயைத் தொடக்கூடாது. கல்யாணமான புதிதில் போட்ட இந்த ஒப்பந்தத்தால்தான் குடும்பம் ஓடுகிறது என்று இருவருமே நம்பினார்கள்.

மாடியறையில் இருந்த நாத்தனாருக்கும் ஒரு சட்டம் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வார நாட்களில் கரும்பலகை, விடுமுறை நாட்களில் சேறு. மலைத்தடத்தில் ஓட்டுகிற உயரமான ஒல்லி பைக் ஒன்று வைத்திருந்தாள். அதன் சீட் சாதாரண ஆளின் இடுப்பளவுக்கு நிற்கும். அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்பதுதான் சட்டம். அண்ணன் என்றாலும் சரி, அண்ணி என்றாலும் சரி, அவளைக் கேட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் நிற்கும்போதுதான் தொட வேண்டும்.

"என் உசுரு அது மேல போகுது அண்ணி. யாரு எதைத் தொட்டாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்பாள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

போன வருஷம் ஒரு பந்தயத்தில் விழுந்து டீச்சருக்குக் காறை எலும்பு உடைந்தது. நாலு மாதம் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு திரிந்தாள். பிறகு மெல்ல மெல்ல ஏறி, பழகி, இந்த வருஷப் பந்தயத்துக்கு மறுபடி பெயர் கொடுத்திருந்தாள். பந்தயம் நாளைக் காலை. வரவில்லையென்றால் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும்; காத்திருப்போர் வரிசையில் இருக்கிற வேறு யாருக்காவது இடம் போகும்.

அன்று காலை எட்டு மணிக்கு அவள் பைக்கைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிறுத்தினாள்.

"அண்ணி, இந்த விளக்கு மறுபடி வந்துடுச்சு."

கைப்பிடிக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியில், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கேயோ கோளாறு என்று சொல்லும், எங்கே என்று வாயைத் திறக்காது; அப்படிப்பட்ட விளக்கு. மாமியார் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரரைப் போல, நாமாகத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"எப்ப வருது?"

"எப்பவாவது."

"ஏத்தத்துலயா, இறக்கத்துலயா? சூடானப்புறமா?"

"அங்கங்க வருது அண்ணி. ஒரு செகண்டு எஞ்சின் விட்டு விட்டு அடிக்கும். அப்புறம் விளக்கு எரியும். எப்பன்னு சொல்லத் தெரியல."

ஒயரக்காவுக்கு இது கொஞ்சம் உறுத்தியது. விடைக்குப் பக்கத்தில் சென்டிமீட்டர் என்று எழுத மறந்தால் அரை மார்க் குறைக்கிற ஆள், 'அங்கங்க' என்று சொல்கிறாள். முகமும் சரியில்லை. தூக்கமில்லாத முகம். பந்தயத்துக்கு முந்தின நாள், இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

"சரியாகலன்னா அஞ்சு மணிக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்" என்றாள் டீச்சர். சொன்ன விதத்தில், சரியாகாமல் போனால்கூடப் பரவாயில்லை என்பது போல ஒரு தொனி இருந்தது.

"அஞ்சு மணி வரைக்கும் கிடக்கு. நீ போய்த் தூங்கு. தொட அனுமதி உண்டா?"

"இன்னைக்கு உண்டு" என்று டீச்சர் கொஞ்சம் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஒயரக்காவுக்கு நெஞ்சில் ஒரு சின்ன முள் குத்தியது. காரணம் இருந்தது, அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

முதலில் விளக்கையே பேச வைக்க வேண்டும். சீட்டைக் கழற்றி, அடியில் சும்மா கிடந்த சோதனை பிளக்கின் இரண்டு கம்பிகளைச் சேர்த்து, சாவியைத் திருப்பினாள். விளக்கு சிமிட்டத் தொடங்கியது. நீளமாக இரண்டு, குட்டையாக நாலு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி நீளமாக இரண்டு, குட்டையாக நாலு. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை ஓட்டினாள். வண்டியின் மூளைப்பெட்டிக்கு வரும் மின்சாரம் நடுவில் குறைந்திருக்கிறது என்று போட்டிருந்தது.

குறைந்திருக்கிறது, சரி. எங்கே குறைந்தது? பேட்டரியிலிருந்து மூளைப்பெட்டி வரை மின்சாரம் நடக்கிற வழியில் எத்தனை இணைப்பு முனை, எத்தனை திருப்பம்! ஒயரக்கா அதற்கெல்லாம் சலித்துக்கொள்கிறவள் இல்லை. உண்மையைச் சொன்னால், இந்த மாதிரி ஒரு காலைப்பொழுது கிடைத்தால் அவளுக்கு வேறு சுகம் வேண்டாம். பக்கத்தில் சூடாக ஒரு டீ, கையில் மீட்டர், எதிரே வாய் திறக்காத ஒரு வண்டி.

பேட்டரியை அளந்தாள்; நன்றாக இருந்தது. வண்டியை ஓடவிட்டு அளந்தாள், சார்ஜ் ஏறியது. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணையும் எர்த் ஒயரை அவிழ்த்துத் தேய்த்து முடுக்கினாள். பியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள், ரிலேவை மாற்றிப் பார்த்தாள். ஸ்டாண்டில் வண்டி சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது, விளக்கு அணைந்தே கிடந்தது. பல் வலி என்று டாக்டரிடம் போனதும் வலி நின்றுவிடுமே, அந்தக் கதைதான்.

பதினோரு மணிக்கு எஞ்சின் கோட்டின் ஓரம் வரை வந்து நின்றான். தாண்டவில்லை.

"நான் சொல்லட்டுமா?"

"சொல்லாம விட்டா உங்களுக்குத் தலை வெடிச்சிடும். சொல்லுங்க."

"தண்ணி. இவ வண்டியைக் கழுவுறாளா, கொலை பண்ணுறாளா? அந்தப் பீச்சுற மிஷினை எடுத்து மூஞ்சிக்கு நேரா அடிக்கிறா. ஏதாவது முனையில தண்ணி பூந்திருக்கும்."

மாடியிலிருந்து டீச்சர் இறங்கி வரும்போது இது காதில் விழுந்துவிட்டது. வழக்கமாக என்றால் அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கும்ணே. என் தப்பாத்தான் இருக்கும்" என்றாள். எஞ்சினுக்கே என்னமோ போலாகிவிட்டது. சண்டை போட வந்தவன் அசடு வழியத் திரும்பிப் போய்ப் பம்பைத் தட்ட ஆரம்பித்தான்.

ஒயரக்கா ஒவ்வொரு முனையாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றிலும் ஈரமில்லை, செம்பில் பச்சை பிடிக்கவில்லை. இருந்தாலும் காற்றடித்துத் துடைத்து மாட்டினாள். பிறகு ஒரு சின்ன சோதனை பல்பை எடுத்து, மூளைப்பெட்டிக்கு வரும் ஒயரில் ஒரு முனையையும் சட்டத்தில் மறு முனையையும் மாட்டினாள். மின்சாரம் வருகிற வரை பல்பு எரியும், போனால் அணையும். பல்பைப் பார்த்துக்கொண்டே வெளியே தெரிந்த ஒவ்வொரு ஒயர்க் கட்டையும் ஆட்டி, இழுத்து, தட்டிப் பார்த்தாள். பல்பு கண் சிமிட்டவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் பலனில்லை.

இரண்டரை மணிக்கு வாசலில் ஒருவர் தண்ணீர் பம்பு ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். உள்ளே வர இடமில்லை. எஞ்சின், "கொஞ்சம் ஒதுக்கிக்கிறேன்மா" என்று கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து, பைக்கின் கைப்பிடியைப் பிடித்து முழுக்க இடப்பக்கம் திருப்பிச் சுவரோரம் சாய்த்தான்.

பல்பு அணைந்தது.

எஞ்சின் அதைக் கவனிக்கவில்லை. பம்புக்காரரோடு பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டான். ஒயரக்கா எழுந்து, கைப்பிடியை மெல்ல நேராக்கினாள். பல்பு எரிந்தது. வலப்பக்கம் கடைசி வரை திருப்பினாள், எரிந்தது. இடப்பக்கம் திருப்பினாள். முக்கால் வாசி போனதும் மினுக்கியது, முழுக்கப் போனதும் அணைந்தது.

காலையில் சாத்திவைத்த கதவு தானாகத் திறந்துகொண்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் டீச்சர் பரீட்சைத் தாள் திருத்த வெளியூர் போயிருந்தாள். பைக் இங்கே நின்றது. விழுந்தபோது பிய்ந்த ஒயர்க் கட்டு, கைப்பிடிக்குக் கீழே, பழைய டேப் தொங்க, கோழி கிளறின குப்பை மாதிரி கிடந்தது. ஒயரக்கா இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் முடியவில்லை. யாருமில்லாத அரைமணி நேரத்தில் பழைய டேப்பை உரித்து, துணி டேப் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, கையைக் கீறாமலிருக்கப் பட்டையின் நுனியை நகவெட்டியால் வழவழவென்று நறுக்கிவிட்டாள். இந்த ஊரில் பட்டை நுனியை நகவெட்டியால் நறுக்குகிறவள் அவள் ஒருத்திதான். ஆசையாகச் செய்ததுதான். சொல்லியிருந்தால் திட்டு விழும். சொல்லாவிட்டால் ஒரு நாள் டீச்சர் தானே பார்த்து, அட, அழகாக இருக்கிறதே என்பாள். அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

முன்விளக்கு மூடியைக் கழற்றினாள். அவள் சுற்றிய டேப், அவள் கட்டிய பட்டை, அவள் நறுக்கிய நுனி. பார்ப்பதற்கு என்னவோ கல்யாணப் பெண் சடை மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்று வண்டி சுவரோரமாக, கைப்பிடி வலப்பக்கம் திரும்பியபடி நின்றது. அப்படியே வைத்து இழுத்துக் கட்டியிருக்கிறாள். இடப்பக்கம் திரும்ப ஒயருக்கு நீளம் விடவில்லை. கட்டுவதற்கு முன் கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள், திருட்டு வேலை செய்த அவசரத்தில் அதை மறந்திருக்கிறாள். இடப்பக்கம் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் ஒயர் இழுபட்டு, மேல்தோல் வெளுத்து மெலிந்திருந்தது. கத்தியால் தோலைச் சீவினாள். உள்ளே இருந்த செம்பு இழைகளில் இரண்டே இரண்டுதான் மிச்சம்.

வேலை அரைமணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. கெட்ட துண்டை வெட்டி, நல்ல நீளமாகப் புது ஒயர் பற்றவைத்து, மேலே உறை போட்டு, தாராளமாக ஒரு வளையம் விட்டுக் கட்டினாள். இடம், வலம், இடம், வலம் என்று இருபது தடவை திருப்பினாள். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பழைய பட்டையை மேஜை டிராயரில் போட்டு மூடினாள்.

டிராயரை மூடும்போதே ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது: தண்ணி பூந்திருந்தது, காய வெச்சுட்டேன். யாருக்கு நஷ்டம்? விளக்கு இனிமேல் வராது. நாளைக்கு டீச்சர் ஓட்டுவாள். எஞ்சினுக்குத் தான் சொன்னது சரி என்று பெருமை. டீச்சரும் இனி வண்டியைப் பதமாகக் கழுவுவாள். எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், ஒயரக்காவின் இருபது வருஷப் பெயரும் பிழைக்கும். குடி ஒன்றும் முழுகிப் போகாது.

நாலே முக்காலுக்கு டீச்சர் கையில் போனோடு வந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"சரியாயிடுச்சு. தண்ணிதான். ஒரு முனையில பூந்திருந்தது. காய வெச்சுட்டேன்."

சொல்லிவிட்டாள். குரல்கூட நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

டீச்சர் வண்டியைப் பார்த்தாள். முகத்தில் ஒரு துளி சந்தோஷமில்லை. "சரி அண்ணி. ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். பிறகு போனில் எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

"யாருக்கு?"

"வரலன்னு சொல்லிடறேன்."

"அதான் சரியாயிடுச்சே!"

"வண்டி சரியாயிடுச்சு அண்ணி. எனக்கு மனசு வரல. விடுங்க."

மூன்று வருஷமாக இந்தப் பந்தயத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரமெல்லாம் பேசிப் பேசி அண்ணனையும் அண்ணியையும் சாகடித்தவள், மனசு வரவில்லை என்கிறாள். இவளுக்கு என் வேலை மேல் நம்பிக்கை போய்விட்டது, அதைச் சொல்லக் கூசுகிறாள் என்று ஒயரக்காவுக்குத் தோன்றியது. போகாமல் என்ன செய்யும்? பொய் சொல்லிவிட்டு நம்பிக்கையை எதிர்பார்த்தால் எப்படி? அவள் கை தானாக நீண்டு போனைப் பிடுங்கியது.

"தண்ணி இல்ல. நான்."

"என்ன அண்ணி?"

"நீ பேப்பர் திருத்தப் போனப்ப உன் வண்டியில கை வெச்சேன். ஒயரை அழகா கட்டுறேன்னு கட்டி, இழுத்துக் கட்டிட்டேன். அது இழுபட்டு இழுபட்டு உள்ள அறுந்துபோச்சு. இப்ப வெட்டிப் போட்டு நீளமா மாத்திட்டேன். விளக்கு வந்தது என்னால. உன் தப்பும் இல்ல, தண்ணியும் இல்ல."

டிராயரைத் திறந்து அந்தப் பட்டையை எடுத்து மேஜை மேல் போட்டாள். டீச்சர் முகம் சிவந்தது.

"தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! விளையாட்டா அண்ணி? மலை மேல போயிட்டிருக்கேன்!"

"ஆமா."

"சொல்லவாவது செஞ்சீங்களா? இப்பக்கூடத் தண்ணின்னு சொன்னீங்க!"

"ஆமா. திட்டு. நாலு அடிகூட அடி. ஆனா நாளைக்கு நீ போகணும். கோளாறு தெளிவாத் தெரிஞ்சுபோச்சு. கைப்பிடியை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினா மட்டும்தான் மின்சாரம் அறுந்திருக்கு. வலப்பக்கம் ஒண்ணுமில்ல, நேராப் போனா ஒண்ணுமில்ல. இப்ப இடப்பக்கமும் சரி."

வாயைத் திறந்து இன்னும் ஏதோ திட்ட வந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"இப்ப சரியாயிடுச்சுன்னு..."

"இல்ல. அதுக்கு முன்னாடி."

"இடப்பக்கம் திருப்பினா மட்டும்தான்."

டீச்சர் அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே, எண்ணெய்க் கறை என்றும் பார்க்காமல், தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒயரக்கா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் இடப்பக்க வளைவுலதான் விழுந்தேன்" என்றாள் டீச்சர், கைக்குள்ளிருந்தே. "மூணு வாரமா ஒவ்வொரு இடப்பக்க வளைவுலயும் வண்டி செத்துச் செத்துப் போகுது. வலப்பக்கம் பூ மாதிரி போகுது. வண்டிக்கு இடமும் வலமும் எப்படித் தெரியும்? நான்தான்னு நெனச்சேன். பயத்துல எனக்கே தெரியாம கை ஆக்சிலேட்டரை விட்டுடுதுன்னு நெனச்சேன். அதுலதான் எஞ்சின் திணறி விளக்கும் எரியுதுன்னு கணக்குப் போட்டேன். யார்கிட்ட சொல்றது? காலையில நீங்க கேட்டப்ப வெக்கமா இருந்துச்சு அண்ணி. அங்கங்கன்னு சொல்லிட்டேன்."

இடப்பக்கம் என்ற ஒரு சொல்லை இவள் காலையில் சொல்லியிருந்தால் கோளாறு எட்டேகாலுக்கே அகப்பட்டிருக்கும். ஒயரக்கா தண்ணீர்க் கதையோடு நிறுத்தியிருந்தாலோ, இந்தப் பெண் ஆயுசுக்கும் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நம்பியிருப்பாள்.

"நீ பயப்படலடி" என்றாள். "ஒயர் அறுந்துபோன வண்டியை வெச்சுக்கிட்டு மூணு வாரம் அந்த வளைவுலயே போய்ப் போய்த் திரும்பியிருக்க. பயந்தவ போவாளா?"

டீச்சர் கையை எடுத்தாள். கண்ணும் மூக்கும் ஒழுக, வாய் மட்டும் சிரித்தது. "உங்களை அப்புறம் திட்டுறேன்" என்று எழுந்தாள். "பாக்கி இருக்கு."

"மெதுவா திட்டு. நான் எங்க போயிடப் போறேன்?"

டீச்சர் வண்டியைப் பின்வாசல் வழியாகத் தள்ளி வெளியே காலிமனைக்குக் கொண்டுபோனாள். ஹெல்மெட்டை மாட்டி, ஒரே உதையில் கிளப்பினாள். மனையின் நடுவில் போய், கைப்பிடியை முழுக்க இடப்பக்கம் திருப்பி, வட்டம் போட்டாள். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. இன்னொரு வட்டம். கொஞ்சம் வேகமாக இன்னொன்று. பின்சக்கரம் மண்ணை வாரி வீசியது.

சத்தம் கேட்டு எஞ்சின் பழந்துணியில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏம்மா, எதுக்கு இவ இடப்பக்கமாவே சுத்திக்கிட்டிருக்கா? தலை சுத்தாது? அந்தப் பக்கமும் ஒரு தடவை திரும்பச் சொல்லு."

"விடுங்க" என்றாள் ஒயரக்கா.

அவள் கையில் டீச்சரின் போன் இருந்தது. ஐந்தாகி மூன்று நிமிஷம் காட்டியது. மனையில் தூசி எழும்பி வெயிலில் நிறைந்தது. டீச்சர் வலப்பக்கம் திரும்பவே இல்லை.